ஒன்பதா, நாற்பதா, எந்தச் சிவப்புப் புள்ளி?

2024 பெப்ரவரி 4 (கேள்வி)

அண்ணை, நான் பேர்ணில் இருக்கிறேன். போன வருசம் சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்தது. இப்போது ஒரு சுடுதல் கிளப்பில் சேர்ந்து ஐபிஎஸ்சி என்கிற, ஓடி ஓடிப் பிஸ்டல் சுடும் போட்டிக்கு இறங்க நினைக்கிறேன். கிளப்பில் ஒருவர், ஒன்பது மில்லிமீற்றர்ச் சன்னம் விளையாட்டுச் சாமான், அதைவிடத் தடித்த நாற்பதுதான் (பொயின்ட் 40 அங்குலம்) ஆம்பிளைக் கலிபர் என்கிறார். இன்னொருவர், ரெட் டொட் (குறிபார்க்கத் துவக்கின் மேல் பூட்டும் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி) இல்லாமல் இந்தக் காலத்தில் இறங்காதே என்கிறார். இரண்டையும் ஒரேயடியாக வாங்கிவிடட்டா? நீங்கள் பன்னிரண்டு வருசம் சுட்டுவிட்டு இப்போது யாழ்ப்பாணத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

2024 பெப்ரவரி 4, இரவு (பதில்)

ஒன்பது. நித்திரை வருகிறது, விளக்கம் நாளைக்கு.

2024 பெப்ரவரி 5

நேற்றுச் சொன்னது அவசரத்தில் சொன்னது, ஆனாலும் பிழையில்லை.

தம்பி, எந்தப் பிரிவில் இறங்கப் போகிறீர் என்று முதலில் முடிவெடும். கலிபர் அதற்குப் பின்னால் தானாக வந்து நிற்கும். நான் சுட்ட காலத்தில் ஓபன், ஸ்டாண்டர்ட், கிளாசிக், புரொடக்‌ஷன், புரொடக்‌ஷன் ஒப்டிக்ஸ், ரிவோல்வர் என்று துவக்கின் வகைக்கேற்பப் பிரிவுகள் இருந்தன. சிவப்புப் புள்ளி பூட்ட அப்போது இரண்டே வாசல்: ஓபன், இல்லாவிட்டால் புரொடக்‌ஷன் ஒப்டிக்ஸ். ஸ்டாண்டர்ட்டில் புள்ளியைப் பூட்டிக்கொண்டு போய் நின்றால் உம்மைத் தூக்கி ஓபனில் போடுவார்கள். அங்கே நிற்கிறவர்களின் துவக்கு ஒவ்வொன்றும் ஒரு மோட்டார் சைக்கிள் விலை.

இனிக் கணக்கு. சன்னத்தின் எடையைக் கிறெயின் என்கிற சின்ன எடை அளவில் எடுத்து, அது செக்கனுக்கு எத்தனை அடி போகிறது என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் பிரித்தால் வருவது பவர் ஃபாக்டர். 125 வந்தால் மைனர், 170 வந்தால் மேஜர். 147 கிறெயின் சன்னம் 900 அடி வேகத்தில் போனால் 132, வடிவான மைனர். நாற்பதில் 180 கிறெயின் 950 அடியில் போனால் 171, மேஜர் வாசலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போகும்.

இலக்கின் நடுவில் இருக்கும் ஏ வட்டாரத்தில் பட்டால் எல்லோருக்கும் 5 புள்ளி. வித்தியாசம் வெளியே பட்டால்தான். சி என்றால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. டி என்றால் 2, 1. உங்கள் கிளப்காரர் சொல்லும் ஆம்பிளைத்தனம் முழுவதும் இந்த ஒரு புள்ளிதான்.

24 வெடி வைக்கும் ஒரு களத்தில் 18 ஏ, 6 சி என்று வையும். மேஜருக்கு 114, மைனருக்கு 108. மொத்தத்தை நேரத்தால் பிரித்துத்தான் நிலை போடுவார்கள். மேஜர்காரர் 20 செக்கனில் முடித்தால் 5.7. அதே 5.7ஐ மைனர்காரர் எடுக்க வேண்டுமென்றால் 19 செக்கனுக்குள் முடிக்க வேண்டும். ஒரு செக்கன் கெதியாக. இந்த ஒரு செக்கனை நாற்பதின் உதை தின்றுவிடுமா, விடாதா என்பதுதான் ஸ்டாண்டர்ட்காரர்களின் வாழ்நாள் வழக்கு.

ஆனால் உமக்கு அந்த வழக்கே இல்லை. புரொடக்‌ஷன் ஒப்டிக்ஸில் எல்லோருக்கும் மைனர் கணக்குத்தான். நாற்பதைக் கொண்டுபோய்ச் சுட்டாலும் சி என்றால் 3தான் போடுவார்கள். காசையும் கொடுத்து உதையையும் வாங்குவது ஏன்?

ஸ்டாண்டர்ட்டில் மேஜர் எடுக்க ஆசைப்பட்டால் மட்டும் நாற்பது. அங்கே மேஜருக்குச் சன்னம் குறைந்தது 10 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், ஒன்பதை எவ்வளவு வேகமாக விட்டாலும் எடுபடாது.

2024 பெப்ரவரி 5, பின்னேரம்

ஒரு திருத்தம். மேஜர் 170 என்று மொட்டையாக எழுதிவிட்டேன். அது ஸ்டாண்டர்ட்டுக்கும் கிளாசிக்குக்கும். ஓபனில் 160 போதும், அங்கே ஒன்பதாலும் மேஜர் எடுக்கலாம். குறளுக்குப் பிழை சொல்லுகிற மாதிரி ஒருவர் தனியாக எழுதித் திருத்தினார். நன்றி, ஐயா. நீங்கள் கணக்கு வாத்தியாராக இருந்திருக்க வேண்டும்.

2024 பெப்ரவரி 7

நாற்பது எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். மினக்கெட நேரம் இருப்பவர்களுக்கு இது.

1986 ஏப்ரலில் மியாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளைக்காரருக்கும் நடந்த சூட்டில் எஃப்பிஐயில் இரண்டு பேர் செத்தார்கள். பழி ஒன்பதின் தலையில் விழுந்தது. பெரிய சன்னம் தேடி 10 மில்லிமீற்றருக்குப் போனார்கள். அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை, வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்தால் கோதுக்குள் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை வெட்டி எறிந்து கோதைக் கட்டையாக்கியதுதான் 1990இல் ஸ்மித் அண்ட் வெசனும் வின்செஸ்டரும் கொண்டுவந்த நாற்பது. பிறகு சன்னங்களின் தரம் கூடியதும் அதே எஃப்பிஐ திரும்பவும் ஒன்பதுக்கே வந்துவிட்டது. ஊரெல்லாம் பெண் பார்த்துவிட்டுக் கடைசியில் மச்சாளைக் கட்டின கதை.

ஒன்பதின் கதை அதைவிட மூப்பு. பேர்ண்காரர் நீர் அறிந்திருக்க வேண்டியது: லூகர் பிஸ்டலை முதலில் படைக்கு எடுத்த நாடு சுவிஸ்தான், 1900இல். அது 7.65 கலிபர், போத்தல் மாதிரிக் கழுத்து ஒடுங்கின கோது. அந்தக் கழுத்தை விரித்து 1902 அளவில் செய்ததுதான் ஒன்பது பாராபெலம். 120 வருசமாகியும் கடையில் மலிவாகவும் தட்டுப்பாடில்லாமலும் கிடைப்பது அதுதான். போட்டிக்குப் பழகுகிறவருக்கு இதைவிட வேறு நியாயம் வேண்டுமா? ஒரு பயிற்சிக்கு 200 வெடி வைத்தால் பில் வரும்போது விளங்கும்.

2024 பெப்ரவரி 11

"யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு துவக்குக் கதை கதைக்க உமக்கு மனம் வருகிறதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கோபிக்கவில்லை.

இங்கே என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் 2019இல் பேர்ணிலேயே சட்டப்படி கைமாற்றிவிட்டேன். கிளப் தந்த ரீசேட் ஒன்றில் நெஞ்சில் சின்னதாக ஒரு பிஸ்டல் படம் இருந்தது. பெட்டி அடுக்கும்போது அக்கா தொலைபேசியில் கேட்டார், "உதைப் போட்டுக்கொண்டு நீ கட்டுநாயக்காவில் இறங்கப் போறியோ?" அந்த ரீசேட் இப்போது பேர்ணில் ஒரு போர்த்துக்கேயச் சமையல்காரரிடம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் துவக்கு என்ற சொல்லே சாப்பாட்டு மேசைக்கு வராது. நான் சொல்வதானால் "அந்த விளையாட்டு" என்பேன். பிள்ளைகள் இல்லாதபோது மட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருந்தவரைக்கும் சுவிசில் எனக்கு இந்த விளையாட்டே கிடையாது. அங்கே ஆயுத ஒழுங்குவிதியில் ஒரு நாட்டுப் பட்டியல் உண்டு, அந்த நாட்டுக்காரர் வாங்கவோ வைத்திருக்கவோ சுடவோ கூடாது. செர்பியா, துருக்கி, அல்ஜீரியா, அல்பேனியா என்று போகும் அந்தப் பட்டியலில் நாங்களும் இருக்கிறோம். கூட வேலை செய்தவர்கள் சனிக்கிழமைகளில் சுடப் போவார்கள், நான் வெளியே நின்று அவர்களுக்கு சொசேச் சுட்டுக் கொடுத்தேன். குடியுரிமை 2006இல் வந்தது. 2007இல் வாஃபன்எர்வெர்ப்ஸ்ஷைன் என்கிற கொள்வனவு அனுமதிக்கு விண்ணப்பித்தேன். அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கிறதுக்குள் ஒரு மகசின் ரவை தீர்ந்துவிடும்.

கேட்ட தம்பிக்கு: 2019 ஆகஸ்டில் இருந்து அங்கே பிஸ்டலுக்கு 20க்கு மேல் ரவை போகும் மகசின் என்றால் தனி அனுமதி. புரொடக்‌ஷன் ஒப்டிக்ஸில் எங்கள் காலத்தில் 15தான் ஏற்ற விட்டார்கள், ஆகவே உமக்கு அந்தத் தலையிடி இல்லை.

2024 பெப்ரவரி 18

சரி, சிவப்புப் புள்ளிக்கு வருவோம்.

கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு சின்ன எல்ஈடி. அது முன்னால் இருக்கும் உட்குழிந்த கண்ணாடியில் அடிக்கிறது. கண்ணாடியில் பூசியிருக்கும் படலம் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பும், மற்ற வெளிச்சத்தைப் போக விடும். திரும்பி வரும் கதிர்கள் சமாந்தரமாக வருவதால் புள்ளி கண்ணாடியில் இருப்பதுபோல் தெரியாது, தூரத்தில் இலக்கின் மேல் மிதப்பதுபோல் தெரியும். தத்துவம் 1900இல் அயர்லாந்துக்காரர் ஹவார்ட் கிரப் கொண்டுவந்தது. மின்சாரப் புள்ளியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது சுவீடனின் எய்ம்பொயின்ட், 1975இல்.

இதைக் கட்டிவிட்டால் குறி தானாகத் திருந்தும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. எனக்கு முதல் நான்கு மாதம் புள்ளியையே காணவில்லை. உறையில் இருந்து எடுத்து நீட்டினால் கண்ணாடி வெறுமையாக இருக்கும். மேலே தேடி, கீழே தேடி, கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவுகிற மாதிரி. புள்ளியில்லாத பழைய இரும்புக் குறியில், குழலின் முன்முனை கோணலாக நின்றாலும் எந்தப் பக்கம் கோணல் என்று தெரியும். புள்ளி அப்படிச் சொல்லித் தராது, இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. கை பிழையாக நீட்டுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. நான் கண்ணாடியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருந்தியது எப்படி என்றால், எங்கள் வளவில். 2011 விடுமுறைக்கு வந்தபோது அக்காவின் மகன் கொய்யாக் கவையில் சைக்கிள் ரியூப் கட்டிக் கெட்டப்போல் வைத்திருந்தான். பக்கத்து வளவுக் கறுத்தக்கொழும்பான் மாவில் ஒரு காய் கைக்கெட்டாத கொப்பில். எனக்கு நாற்பத்தைந்து வயது, வெட்கமில்லை, வாங்கி அடித்தேன். இரண்டாம் கல்லில் விழுந்தது. விழுந்த பிறகுதான் பொறி தட்டியது: நான் கவையைப் பார்க்கவே இல்லை. காயைத்தான் பார்த்தேன். கவை பக்கத்தில் எங்கோ மங்கலாக நின்றது, கை தன்பாட்டில் இழுத்து விட்டது.

இரும்புக் குறியில் பழகியவர் முன்முனையைக் கூர்ந்து பார்க்கப் பழகியவர். இலக்கு மங்கலாகத் தெரியும், அதுதான் சரி என்று பத்து வருசம் படித்திருப்பார். புள்ளிக்கு அது தலைகீழ். காயைப் பார்க்க வேண்டும். புள்ளி தானாக வந்து காயில் குந்தும்.

பேர்ணுக்குப் போய்க் கண்ணாடியின் முன்பக்கத்தில் கறுப்பு ரேப் ஒட்டினேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒரு கண் புள்ளியைப் பார்க்கும், மற்றது இலக்கைப் பார்க்கும், மூளை இரண்டையும் ஒட்டிவிடும். புள்ளியையே முறைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ரேப்தான் தெரியும். வீட்டில் வெறும் துவக்கோடு தினமும் பத்து நிமிசம். ரவையெல்லாம் வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டு, மகசினையும் துவக்கின் ரவை அறையையும் இரண்டு தரம் பார்த்த பிறகு. ஆறு வாரத்தில் புள்ளி எங்கேயும் ஒளியவில்லை.

2024 பெப்ரவரி 19

கறுத்தக்கொழும்பான் பிப்ரவரியில் காய்க்குமோ என்று ஒருவர். நான் வந்தது ஜூனில், ஐயா. நீங்கள் அந்தக் கணக்கு வாத்தியார்தானே?

2024 பெப்ரவரி 25

புள்ளியின் பருமன் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எம்ஓஏ என்பது கோண அளவு, 25 மீற்றரில் ஒரு எம்ஓஏ ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். 2 எம்ஓஏ புள்ளி 25 மீற்றரில் ஒன்றரை சென்ரிமீற்றரை மூடும். 6 என்றால் 4.4 சென்ரிமீற்றர். போட்டியில் பெரும்பாலான இலக்குகள் 5 மீற்றருக்கும் 15க்கும் இடையில்தான் நிற்கும், ஓடிக்கொண்டு சுட வேண்டும். அங்கே பெரிய புள்ளி கெதியாகக் கண்ணில் படும். தூரத்து இரும்புத் தட்டுக்குச் சின்னது சுகம். நான் 2இல் தொடங்கி 6க்குப் போய்ப் பிறகு 5இல் நின்றவன். சின்னப் புள்ளியில் வெளிச்சத்தைக் கூட்டினால் பெரிசாகத் தெரியும் என்று சிலர் செய்வார்கள். அது பெரிசாவதில்லை, கலங்குகிறது.

கண்ணாடியின் அகலம் புள்ளியின் பருமனைவிட முக்கியம் என்பது என் கட்சி. ட்ரிஜிகொன் எஸ்ஆர்ஓ மாதிரி வட்டமான பெரிய கண்ணாடி போட்டிக்காரனுக்கு. அதே கம்பனியின் ஆர்எம்ஆர் இடுப்பில் நாள் முழுக்கச் சுமப்பவனுக்கு, உறுதி கூட, ஜன்னல் சின்னன். ஹோலோசன் கம்பனியின் கண்ணாடியில் புள்ளியைச் சுற்றி 32 எம்ஓஏ வளையம் போடலாம். தொடக்கத்தில் புள்ளி தொலைந்தால் வளையத்தின் ஓரமாவது கண்ணில் தட்டும், அதனால் புதியவருக்கு அது மோசமில்லை. பழகியபின் வளையத்தை நிற்பாட்டிவிடும்.

2024 மார்ச் 2

தம்பி தனியாக எழுதியிருந்தார்: கடையில் பார்த்த கண்ணாடியில் புள்ளி வட்டமாக இல்லையாம், நட்சத்திரம் மாதிரி வால் விட்டு நிற்கிறதாம், "சீன மால்" என்று நினைத்து வைத்துவிட்டாராம்.

அவசரப்படாதேயும். நானும் இதே சொல்லைச் சொல்லி ஒரு கடைக்காரரோடு இரண்டு தரம் சண்டை பிடித்தவன். எனக்குத் தெரிந்த புள்ளி முருங்கைப்பூங்கொத்து மாதிரி இருந்தது. முதல் தரம் மாற்றித் தந்தார். இரண்டாவதும் கொத்து. மூன்றாம் தரம் போனபோது அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் என் கைத்தொலைபேசியை வாங்கிக் கண்ணாடிக்குள்ளால் ஒரு படம் எடுத்துக் காட்டினார். படத்தில் புள்ளி வட்டமாக, குங்குமப் பொட்டுப் போல. கொத்து என் கண்ணில்தான் இருந்தது. அஸ்டிக்மாட்டிசம், கண்ணின் வளைவு சீரில்லாத குறை. நாற்பது வயது தாண்டியும் தெரியாமல் இருந்திருக்கிறது.

வால் மேலிருந்து கீழா, சாய்வா என்று பாரும். தலையைச் சரித்தால் வாலும் கூடவே திரும்பினால் கண்தான். கண் வைத்தியரிடம் போய் அச்சு அளந்து மூக்குக்கண்ணாடி போட்டால் பாதிக்கு மேல் திருந்தும். வெளிச்சத்தைக் குறைத்தாலும் திருந்தும். பச்சைப் புள்ளி சிலருக்குச் சுத்தமாகத் தெரியும், எனக்கு வித்தியாசம் இல்லை. அந்தக் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், ஒரு பெட்டி ரோல்ஸ் செய்துகொண்டு. உறைப்புத் தாங்காமல் கண்ணீர் விட்டுச் சாப்பிட்டார்.

2024 மார்ச் 10

பூட்டுவது பற்றி.

ஒரு போட்டியில் மூன்றாம் களத்தில் இருந்து என் வெடிகள் இடப்பக்கம் சாயத் தொடங்கின. நான் என் விசை விரலைக் குறை சொன்னேன், பிறகு பிடியை, பிறகு முதல்நாள் இரவு சாப்பிட்ட கொத்துரொட்டியை. ஆறாம் களம் முடிந்து துவக்கை மேசையில் பிரித்தபோது கண்ணாடி விரலுக்கு ஆடியது. ஒரு ஆணி முக்கால் சுற்றுக் கழன்றிருந்தது. நூறு பேரில் எழுபதாவது.

அதற்குப் பிறகு: ஆணி கழலாமல் பிடிக்கும் நீலப் பசை, குறிப்பிட்ட இறுக்கத்துக்கு அளவுச் சாவி, மேலே ஆணிக்கும் உடலுக்கும் குறுக்காக வெள்ளைப் பெயின்ற் கோடு. கோடு விலகினால் ஆணி திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு களத்துக்கும் முன் பார்ப்பது ஒரு செக்கன் வேலை.

ஆணியின் நீளத்தையும் பாரும். பெட்டியில் இரண்டு மூன்று நீளம் வரும். ஒரு நூல் கூடின ஆணி, ஸ்லைடுக்குள் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) போய் உள்ளே இருக்கும் பாகத்தில் முட்டி, கோது வெளியேறாமல் சிக்கும். ஆட்கள் ரவையைத் திட்டுவார்கள். அடித்தகடு போட்டுப் பூட்டுவதைவிட, அந்தக் கண்ணாடிக்கென்றே ஸ்லைடைக் குடைந்து நேரடியாகப் பூட்டுவது உறுதி. ஆனால் கண்ணாடி குந்தும் அடிப்பகுதியைக் கால் என்பார்கள், ஆர்எம்ஆர் கால், டொக்டர் கால், டெல்டாபொயின்ட் கால் என்று ஒவ்வொன்றின் ஆணித்துளையும் வேறு. குடைந்த பிறகு மனம் மாறினால் அழ வேண்டியதுதான். முதல் துவக்குக்குத் தகடே போதும்.

மழை: திறந்த வகையில் எல்ஈடி வெளியே இருக்கும். அதில் ஒரு துளி விழுந்தால் புள்ளி சிதறி வானவேடிக்கை. எய்ம்பொயின்ட் ஆக்ரோ மாதிரி மூடின பெட்டி என்றால் முன்னும் பின்னும் கண்ணாடி, உள்ளே தண்ணீர் போகாது, துடைத்துவிட்டுச் சுடலாம். ஜன்னல்தான் சின்னன். சுவிசில் ஏப்ரலில் போட்டி போடுகிறவருக்கு இது யோசிக்க வேண்டிய விசயம். நான் யோசிக்கவில்லை, தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுச் சுட்டேன்.

2024 ஏப்ரல் 14

வருசப்பிறப்பு. காலையில் இருந்து ஒழுங்கையில் சீனவெடி. அக்கா ஒவ்வொரு வெடிக்கும் தோளைக் குறுக்குகிறார், பிறகு சிரிக்கிறார். நானும்தான்.

பெப்ரவரி 5இல் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கணக்கெல்லாம் சரி. ஆனால் நான் ஒன்பதை எடுத்தது அந்தக் கணக்கால் இல்லை. கணக்கைப் பிறகுதான் படித்தேன்.

கிளப்பில் முதல்நாள் இரவலாக ஒரு நாற்பது தந்தார்கள். காது மூடி போட்டிருந்தேன், கண்ணாடி போட்டிருந்தேன். கூரை போட்ட களம். பக்கத்துத் தடத்தில் ஒருவர் முதல் வெடியை வைத்தார். நான் நிலத்தில் குந்தியிருந்தேன். எப்போது குந்தினேன் என்று தெரியாது. 1987 வரைக்கும் இங்கே சத்தம் கேட்டால் செய்யப் பழகினதை உடம்பு இருபது வருசம் கழித்து மறக்காமல் செய்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பயிற்றுநர், வயதான மனிதர், ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். அன்றைக்கு முழுக்க அதில் இருந்து பார்த்தேன்.

அடுத்த கிழமை அவர் பொயின்ட் 22 தந்தார். அது சுள்ளி முறிகிற சத்தம். ஒரு மாரி முழுக்க அதோடுதான். பிறகு ஒன்பது. நாற்பதுக்கு நான் கடைசி வரைக்கும் போகவில்லை. இரண்டு தரம் முயன்றேன். அவர் எனக்குத் தெரியாமல் மகசினில் ஒரு பொய் ரவையைக் கலந்து வைப்பார். அது வரும்போது வெடிக்காது, ஆனால் உதையை எதிர்பார்த்து என் கை கீழே குத்தும். நாற்பதில் ஒவ்வொரு தரமும் குத்தியது. ஒன்பதில் பத்துக்கு ஒன்று.

ஆகவே தம்பி, கணக்கைப் பாரும், பிரிவைப் பாரும், எல்லாம் சரி. இரவல் வாங்கி இரண்டையும் சுட்டும் பாரும். பொய் ரவை கலந்து தரச் சொல்லும். கை என்ன சொல்கிறது என்று அப்போது தெரியும். உமக்கு நாற்பதே ஒத்துவரக்கூடும். ஒத்துவந்தால் ஸ்டாண்டர்ட்டுக்குப் போம், புள்ளியை மறந்துவிடும்.

2024 ஜூன் 16

இங்கே யாழ்ப்பாணத்தில் ஒரு தகப்பன் கேட்கிறார், மகளுக்குப் பதினைந்து வயது, ரெட் டொட் வைத்துச் சுடுகிற விளையாட்டில் சேர்க்க முடியுமா என்று.

ஐயா, நான் மேலே எழுதியதெல்லாம் வேறு நாட்டுச் சட்டத்தில், வேறு விளையாட்டில். இங்கே துவக்குக்கு 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒன்றும் இல்லை. வீட்டில் வைத்துப் பழகலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதேயுங்கள்.

மகளுக்குப் பொருத்தம் ஒலிம்பிக் வகைதான், அதிலும் 10 மீற்றர் காற்று ரைபிள் அல்லது காற்றுப் பிஸ்டல். 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு. அதில் புள்ளிக் கண்ணாடி பூட்டவே விடமாட்டார்கள். பிஸ்டல் இலக்கில் பத்தாம் வட்டம் 11.5 மில்லிமீற்றர். ரைபிளில் பத்து என்பது அரை மில்லிமீற்றர்ப் பொட்டு. என் ஏ வட்டாரத்தை அந்தப் பிள்ளைகள் பார்த்தால் மாட்டுக் கொட்டில் கதவு என்பார்கள். இலங்கைக்கு இதில் பெயர் உண்டு: 1994 விக்டோரியா பொதுநலவாய விளையாட்டில் மாலினி விக்ரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் காற்று ரைபிள் இணையில் தங்கம் எடுத்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல சுட்டார். கொழும்பில் தேசியச் சம்மேளனத்திடம் நேரே கேளுங்கள், இடையில் ஆள் வேண்டாம்.

நாற்பதுக்காரருக்கு ஒரு துணுக்கு: ஒலிம்பிக் வகைச் சங்கத்தின் 25 மீற்றர் சென்டர்ஃபயர் பிஸ்டல் என்கிற போட்டியில் கலிபர் 7.62இல் இருந்து 9.65 வரைதான். நாற்பது 10.16. ஆம்பிளைக் கலிபரை வாசலிலேயே நிற்பாட்டிவிடுவார்கள்.

2024 ஆகஸ்ட் 20

நல்லூர்க் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு தம்பியின் செய்தி வாசித்தேன். ஐஸ்கிறீம் கையில் உருகிவிட்டது.

ஒன்பதே வாங்கியிருக்கிறார். பொய் ரவையில் நாற்பதுக்கு ஏழு தரம் குத்தினாராம், ஒன்பதுக்கு இரண்டு. 5 எம்ஓஏ புள்ளி, பெரிய ஜன்னல், தகட்டில் பூட்டி வெள்ளைக் கோடும் போட்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடியும் மாற்றியிருக்கிறார். முதல் போட்டி போன சனிக்கிழமை. முதல் களத்தில் துவக்கை நீட்டினால் புள்ளி இல்லை. நான் சொன்ன மாதிரி இலக்கையே பார்த்துக்கொண்டு நின்றாராம், புள்ளி வந்து குந்தும் என்று. வரவில்லை. ஜன்னலின் நடுவால் பார்த்துச் சுட்டு முடித்தார், 12 வெடியில் 7 ஏ. வெளியே வந்து பார்த்தால் முதல்நாள் இரவு பற்றறியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்.

"அண்ணை, புள்ளி இல்லாமலே ஏழு ஏ. அப்ப நான் ஏன் இவ்வளவு காசு கொடுத்தேன்?"

மிச்சக் களங்களில் எத்தனை என்று கேட்டேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

2024 செப்டெம்பர் 8

பற்றறி பற்றி எழுத மறந்துவிட்டேன். சிஆர்2032, காசு மாதிரி வட்டமானது, எழுத்துப் பொறித்த அகலமான பக்கத்தில் கூட்டல் அடையாளம் இருக்கும். போட்டி தொடங்குவதற்கு முதல்நாள் மாற்றாதேயும், ஒரு கிழமை முந்தி மாற்றி, பழையதைப் பையில் வையும்.

என் மேசை லாச்சியில் பேர்ணில் இருந்து வந்த ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. நேற்று அக்காவின் சீனி பார்க்கிற மெசின் நின்றுவிட்டது, கழற்றிப் பார்த்தால் அதே சிஆர்2032. போட்டேன். விரலைக் குத்தினார். 168 காட்டியது. மெசின் பிழை என்கிறார்.